திங்கட்கிழமை என்று சொன்னோம்

நார்ஷடர், லூயிஸ் தீவு
20 ஜூன் 1961

அன்புள்ள அண்ணிக்கு,

எஃபி எழுதுகிறேன். இங்கே மாமாவும் நானும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அதற்கு மேல் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. கனடாவில் நீங்களும் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

தந்தியில் அதிகம் சொல்ல முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். போன வாரம் திங்கட்கிழமை விடியற்காலையில் உங்கள் தம்பி இறால் கூண்டு எடுக்கப் படகில் போனார். மத்தியானம் படகு மட்டும் வளைகுடா வாயில் ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு ஆட்கள் ஓடினார்கள். கடல்முனைக்குப் பின்னால் பாறை இடுக்கில் கிடந்தார். நெற்றியில் ஒரு அடி. முகத்தில் வேறொன்றும் இல்லை, அண்ணி. தூங்குகிறவர் முகம்தான்.

திடீர்ச் சாவு என்றால் ஸ்டார்னவே டவுன் கோர்ட்டில் இருக்கும் சர்க்கார் வக்கீல், அந்த ஃபிஸ்கல், விசாரித்துச் சரி என்று சொல்லாமல் மண்ணுக்குள் வைக்க முடியாது, உங்களுக்குத் தெரியாததா. அவருக்காக நம்ம நெட்டைக் கான்ஸ்டபிள் வந்தான். வாசப்படியில் தலை இடித்துக்கொண்டு, "எப்பம்மா கிளம்பினார்?" என்றான். "திங்கக்கிழமை விடியறதுக்குள்ள" என்றேன். மாமாவைக் கேட்டான். மாமா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அவ சொன்னதுதான்" என்றார். உடம்பை ஸ்டார்னவேக்கு எடுத்துப் போய் இரண்டு டாக்டர்கள் பார்த்துவிட்டு வியாழக்கிழமை திருப்பிக் கொடுத்தார்கள்.

வீடு நிறைய ஜனம். ராத்திரியெல்லாம் பைபிளிலிருந்து சங்கீதம் பாடினார்கள். ஊர்வம்பு ரேடியோ பெகி என் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு, நான் எத்தனை முறை அழுகிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ஆண்கள் மாற்றி மாற்றித் தோள் கொடுத்துத் தூக்கிப் போனார்கள். பெண்கள் நாங்கள் வழக்கம்போல வாசலோடு நின்றுவிட்டோம். சாலை திரும்புகிற இடம் வரைக்கும் பார்த்தேன்.

ஆலயத்துக்குப் போட்டுப்போகிற அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு ஆஸ்பத்திரியிலிருந்து பொட்டலமாக வந்தது. உப்புப் பூத்துக் கிடக்கிறது. துவைக்க மனம் வரவில்லை.

மாமா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். சொல்லவில்லைதான், ஆனால் கேட்டிருப்பார்.

உங்கள்
எஃபி


ஹாமில்டன், கனடா
1 ஜூலை 1961

எஃபி,

நீ எப்படி இருக்கிறாய், சாப்பிடுகிறாயா என்று கேட்டுத் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன். நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்காதே.

அவனுக்கு நாலு வயசில் அம்மா போனாள். நான்தான் தூக்கி வளர்த்தேன். என் முதுகில் ஈரம் பண்ணினவனை ஆறு பேர் தூக்கிப் போயிருக்கிறார்கள், நான் இங்கே பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்திருக்கிறேன். தந்தி வந்தபோது கையில் சோப்பு. தந்திக்காரனே பிரித்துப் படித்தான். பத்து வருஷமாக அவன் முகத்தைப் பார்க்கவில்லை, எஃபி. தலை நரைக்கத் தொடங்கியிருந்ததா? அப்பாவுக்குச் சீக்கிரம் நரைத்தது. எழுது.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. நான் அந்த ஊரில் பிறந்தவள். திங்கட்கிழமை விடியற்காலையில் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டுக்கொண்டு இறால் கூண்டு தூக்கப் போன ஆண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஏன் போட்டுக்கொண்டு போனான்?

இன்னொன்று. மே மாசம் அவனுக்கு ஒரு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. அது வந்து சேர்ந்ததா?

அப்பாவுக்கு முட்டையை நன்றாக வேகவைத்துக் கொடு. பாதி வெந்தால் தொடமாட்டார்.

அக்காவாக நினைத்துக்கொள்,
டோலினா


நார்ஷடர்
18 ஜூலை 1961

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். மாமாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி நடமாடுகிறார். முட்டையை நன்றாக வேகவைத்துத்தான் கொடுக்கிறேன்.

மழை விடவில்லை. அடுப்புக்கு வெட்டிப் போட்ட கரி மண்ணெல்லாம் காயாமல் கிடக்கிறது. பசு கன்று போட்டது, கிடாரி. பக்கத்து வீட்டுப் பையன்கள் வந்து உருளைக்கிழங்குக்கு மண் அணைத்துக் கொடுத்தார்கள். தறிக் கொட்டகையில் பாதி நெய்த துணி அப்படியே இருக்கிறது. கம்பெனிக்காரர் வந்து, "வேற யாரையாவது வெச்சு முடிச்சுக் குடுங்கம்மா" என்றார். முடிக்க விடவில்லை.

காதோரம் கொஞ்சம் நரைத்திருந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கிழவிகிட்ட வாழ்க்கைப்பட்ட குறைதான்" என்று என்னைத்தான் திட்டுவார். நான் அவரைவிட ஒரு வயசு மூத்தவள், மறந்திருக்க மாட்டீர்கள்.

கோட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இருட்டில் கைக்கு அகப்பட்டதைப் போட்டுக்கொண்டு போயிருப்பார்.

கடிதம் வந்தது.

உங்கள்
எஃபி


ஹாமில்டன்
2 ஆகஸ்டு 1961

எஃபி,

இங்கே எல்லோருக்கும் சுகம். சுகத்தைப் பற்றி அவ்வளவுதான்.

என்னை என்ன, வெளியூர்க்காரி என்று நினைத்துக்கொண்டாயா? ஜூன் மாசத்தில் நம் ஊரில் இருட்டு ஏது? நடுராத்திரியில் விளக்கில்லாமல் பைபிள் படிக்கலாம். கைக்கு அகப்பட்டதாம்! பொய் சொல்வதற்கும் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும்.

சரி, நீ வாய் திறக்கவில்லை, நானே திறக்கிறேன். போன ஞாயிறு இங்கே ஆலயத்தில் ஸ்டார்னவேயிலிருந்து வந்த ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு, "ஐயோ பாவம், கொஞ்ச நாளா மனசு சரியில்லாம இருந்தானாமே" என்றாள். அவள் அத்தை எழுதினாளாம். கடல் தாண்டி வந்துவிட்டது பேச்சு. அவன் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு தானாகப் போய் விழுந்தான் என்கிறார்கள். நேராகச் சொல்கிறார்களா? மாட்டார்கள். தலையை ஆட்டுவார்கள்.

நான் அந்த மே மாசக் கடிதத்தில் என்ன எழுதினேன் என்று நீ படித்திருப்பாய். இரும்பு ஆலையில் அவனுக்கு வேலை பார்த்து வைத்தேன். மாடியில் உங்கள் இரண்டு பேருக்கும் அறை ஒழித்து வைத்தேன். கடைசியில் கோபத்தில், "அப்பாவை விட்டுவிட்டு வரத் தைரியமில்லாத ஆம்பளைக்கு இனிமேல் நான் எழுதமாட்டேன், இதுதான் கடைசி" என்று முடித்தேன். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் நான். நடுவில் வைத்து அவனைப் பிசைந்துவிட்டேன்.

என் கடிதம்தான் அவனைக் கடலில் இறக்கியதா, எஃபி? எனக்கு வேண்டியது இது ஒன்றுதான். ஆமாம் என்றால் ஆமாம் என்று சொல். தெரிந்துகொண்டு அழுகிறேன். தெரியாமல் இருக்க முடியவில்லை.

டோலினா


நார்ஷடர்
22 ஆகஸ்டு 1961

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் இரவில் தூங்க வேண்டும் என்பதற்காக முதல் வரியிலேயே எழுதுகிறேன். உங்கள் தம்பி தன் உயிரைத் தானே போக்கிக்கொள்ளவில்லை. உங்கள் கடிதமும் காரணம் இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரியும்.

கான்ஸ்டபிள் மறுபடியும் வந்தான். இந்தத் தடவை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "டாக்டருங்க சொல்ற நேரமும் நீங்க சொல்ற நேரமும் ஒத்து வரலம்மா. ஃபிஸ்கல் ஐயாவே உங்களைப் பாக்கணும்ங்கறார்" என்றான். அக்டோபர் முதல் வாரம் ஸ்டார்னவேக்கு வரச் சொல்லிக் காகிதம் வந்திருக்கிறது.

ஊரில் எல்லோரும் என்னிடம் அன்பாக இருக்கிறார்கள். அதுதான் தாங்கவில்லை. தானாகச் செத்தவன் வீட்டில் நம் ஜனம் எப்படி மெல்லப் பேசும் என்று உங்களுக்குத் தெரியும். சத்தம் போட்டுப் பேசினால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுப்பேன். பெகி நேற்று ஒரு கிண்ணம் வெண்ணெய் கொண்டுவந்து, "கர்த்தருக்குத்தான் எல்லா மனசும் தெரியும்" என்றாள். "உனக்குத் தெரியாதது அவருக்கு என்ன இருக்கு, பெகி" என்றேன். வெண்ணெயை வைத்துவிட்டுப் போய்விட்டாள். வெண்ணெய் நன்றாக இருந்தது.

மாமா ஆலயத்தில் மூப்பர்கள் பெஞ்சில்தான் உட்காருகிறார். ஆனால் ஜெபம் பண்ணச் சொன்னால் தலையை அசைத்து மறுத்துவிடுகிறார். நானும் அவரும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம். உப்பை எடு, தண்ணீரை ஊற்று. அவ்வளவுதான் பேச்சு.

அண்ணி, எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் இருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பார்.

உங்கள்
எஃபி


நார்ஷடர்
9 செப்டம்பர் 1961

மகள் டோலினாவுக்கு,

கர்த்தருடைய கிருபை உன் வீட்டில் தங்குவதாக. நீ எனக்குத் தனியாக எழுதியது கிடைத்தது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை.

உன் தம்பி தன் கையால் சாகவில்லை. இது எனக்குத் தெரியும்.

எஃபியைத் துருவிக் கேட்காதே. அவள் மெலிந்துபோனாள். ராத்திரியில் எழுந்து கதவைத் திறந்து பார்க்கிறாள்.

நீ கேட்ட மற்றக் கேள்விகளுக்கு நான் பதில் சொல்லவேண்டிய இடம் வேறே.

உன் தகப்பன்
ஐவர்


ஹாமில்டன்
21 செப்டம்பர் 1961

எஃபிக் கண்ணு,

உடம்பைப் பார்த்துக்கொள். நீ மெலிந்துவிட்டாய் என்று அப்பா எழுதியிருக்கிறார். அப்பா ஒருத்தர் மெலிந்ததைக் கவனித்து எழுதினார் என்பதையே நம்ப முடியவில்லை.

நான் இனிமேல் கத்தமாட்டேன். அவருக்குத் தெரியும் என்கிறார். உனக்கும் தெரியும் என்கிறாய். எப்படி என்று இரண்டு பேருமே சொல்லமாட்டேன் என்கிறீர்கள். ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு அவன் சாவை இரண்டு பேரும் பங்கு போட்டு வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு ஒரு துண்டு கொடுங்கள்.

நேற்று கடையில் ஒருத்தன் முதுகைக் காட்டி நின்றான். தம்பியின் அதே தோள், அதே பிடரி. முட்டாள் மாதிரி "ஃபின்லே!" என்று கூப்பிட்டேன். திரும்பினான். யாரோ இத்தாலிக்காரன். நான் அழுததைப் பார்த்து அவனே என் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தான்.

பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். நிஜம் வேண்டும். எவ்வளவு கெட்டதாக இருந்தாலும் சரி.

டோலினா


நார்ஷடர்
9 அக்டோபர் 1961

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு படியுங்கள்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் ஸ்டார்னவே போனேன். ஃபிஸ்கல் கடுகடுவென்று இருப்பார் என்று நினைத்தேன். தாத்தா மாதிரி ஒருவர், நம் பாஷையில் பேசினார். எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"ரெண்டு டாக்டர் பாத்திருக்காங்கம்மா. ரெண்டு பேரும் ஒண்ணுதான் சொல்றாங்க. திங்கக்கிழமை மத்தியானம் கண்டெடுத்தப்ப அவர் இறந்து ஏறக்குறைய ஒரு நாள் ஆயிருக்கு. நல்ல கோட்டு போட்டிருந்தார். பையில புதினா மிட்டாய், கோயிலுக்குக் கொண்டு போறது. இறால் கூண்டு ஒண்ணுகூட அன்னிக்கு தூக்கல. இதையெல்லாம் சேத்து வெச்சுப் பாத்தா எனக்கு என்ன தோணும்னு நினைக்கிறீங்க?"

டீக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"தானா போய்ட்டார்னு எழுதிடட்டுமா?"

"எழுதாதீங்க" என்றேன்.

"இங்கிலாந்துல மாதிரி ஊரைக் கூட்டி வெச்சு விசாரிக்கிற வழக்கம் நம்மகிட்ட இல்லம்மா. நீங்க சொல்றது இந்தக் கதவைத் தாண்டாது. நான் போதகரும் இல்ல. எந்தக் கிழமைல என்ன செஞ்சா பாவம்ங்கறது எனக்கு வேண்டாம். அவர் எந்தக் கிழமை செத்தார்னு மட்டும் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை, அண்ணி. நானும் கூட இருந்தேன்.

கல்யாணம் ஆகி ஏழு வருஷம் உங்கள் அப்பா வீட்டில் இருக்கிறோம். எங்கள் படுக்கைக்கும் அவர் படுக்கைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இருமினால் கேட்கும். நாளெல்லாம் உங்கள் தம்பி தறியில், நான் மாட்டிடமும் வயலிலும். எங்கள் இரண்டு பேருக்கென்று ஒரு இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆராதனைக்கும் மாலை ஆராதனைக்கும் நடுவில் மாமா சுவரைப் பார்த்துப் படுப்பார். நாங்கள் மாட்டுக்கொட்டில் வழியாக நழுவிப் போய், முனைக்குப் பின்னால் கட்டியிருக்கும் படகை எடுத்துக்கொண்டு எதிரே கடலில் உள்ள பாறைத் திட்டுக்குப் போய்விடுவோம். வேலையும் விளையாட்டும் கூடாத ஓய்வுநாளில் நம் ஊரில் ஒரு குஞ்சு குளுவான் கூடக் கடல் பக்கம் தலைகாட்டாது. அதனால்தான் போனோம். பாவம் என்று தெரியும். இரண்டு பேருக்குமே தெரியும். ஒவ்வொரு வாரமும் இனிமேல் வேண்டாம் என்போம், அடுத்த வாரம் போவோம். அங்கே என்ன செய்தோம் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. உட்கார்ந்து பேசுவோம். என் மடியில் தலை வைத்துப் படுப்பார். போதகர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிரசங்கம் பண்ணுகிற மாதிரிப் பண்ணிக் காட்டுவார். வாய்விட்டுச் சிரிப்போம். வீட்டில் அப்படிச் சிரிக்க முடியாது.

அன்றும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தோம். படகுக் கயிறு அவிழ்ந்ததைக் கவனிக்கவில்லை. பார்த்தபோது படகு பாறையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து ஓடித் தாவினார். பாசி. கால் வழுக்கிப் படகு விளிம்பில் நெற்றி மோதித் தண்ணீருக்குள் போனார். ஒரு தடவை முதுகு தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

தொண்டை கிழியக் கத்தினேன், அண்ணி. யாராவது வாங்க, யாராவது வாங்க என்று. யாரும் இல்லாத கரை வேண்டும் என்றுதானே போனோம். யாருமே இல்லை.

தண்ணீர் வற்றி, திட்டையும் கரையையும் சேர்க்கும் கல்வரிசை வெளியே தெரிந்ததும் அதில் நடந்து கரை ஏறினேன். வீட்டுக்கு வந்தேன். மாமா அப்படியே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பாவாடையை மாற்றினேன். மாமாவோடு மாலை ஆராதனைக்குப் போனேன். உங்கள் தம்பிக்குத் தலைவலி, படுத்திருக்கிறார் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். சங்கீதம் பாடினேன். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். திரும்பி வந்தால் அடுப்படியில் ஈரக் கோட்டோடு உட்கார்ந்துகொண்டு "என்னை விட்டுட்டுப் போய்ட்டியே கிழவி" என்று திட்டுவார் என்று ஒரு நினைப்பு. அதை நம்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அவர் இல்லை. அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் என்ன ஆகும்? ஓய்வுநாளில் விளையாடப் போனான், கர்த்தர் அடித்தார் என்பார்கள். அவர் சாவைப் பிரசங்கம் ஆக்கிவிடுவார்கள். இன்னும் ஐம்பது வருஷத்துக்குப் பிள்ளைகளை அதைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். அவரை அப்படிக் கொடுக்க எனக்கு மனமில்லை. திங்கட்கிழமை என்று சொன்னேன். அது அவரைத் தற்கொலை செய்துகொண்டவர் ஆக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எல்லாவற்றையும் ஃபிஸ்கலிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்து, "நம்பறேன்மா. ஆனா நீங்க ஒருத்தரே ரெண்டு விதமாச் சொல்லியிருக்கீங்க. நம்ம சட்டத்துல எதுக்கும் ரெண்டாவது வாய் ஒண்ணு கேப்பாங்க. உங்களைப் பாத்தவங்க யாராவது உண்டா?" என்றார்.

"யாரும் இல்லீங்க."

"ஒருத்தர் இருக்கார்" என்று பக்கத்து அறைக் கதவைத் திறந்தார்.

அங்கே பெஞ்சில் மாமா. கறுப்புத் தொப்பி மடியில். விடியற்காலையில் மீன் லாரியில் ஏறி எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார். நான் காலையில் அவருக்காக முட்டையை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன். ஆள் படுக்கையில் இருக்கிறாரா என்றுகூடப் பார்க்கவில்லை.

உள்ளே வந்தவர் உட்காரவில்லை. "நானும் கான்ஸ்டபிள்கிட்ட பொய் சொன்னேன். முப்பது வருஷமா சபை மூப்பன். எழுதிக்குங்க" என்றார்.

"என்ன பார்த்தீங்க?"

"பாக்கல. கேட்டேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் தூங்கறதே இல்ல. ஒருநாளும் தூங்கினதில்ல. ரெண்டு பேர் கொட்டில் வழியாப் போற சத்தம் கேக்கும். அப்புறம் ரெண்டு பேர் வர்ற சத்தம் கேக்கும். அதுக்கப்புறம்தான் எந்திரிப்பேன். அன்னிக்கு ஒருத்தர் சத்தம்தான் திரும்பி வந்துச்சு."

ஃபிஸ்கல் அவரை நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சும் ஏன் தடுக்கல, பெரியவரே?"

"என் வீட்டுக்குள்ள அவங்க சிரிச்சு நான் கேட்டதில்ல. எங்கயாவது போய்ச் சிரிச்சுட்டு வரட்டும்னு விட்டேன்."

"அன்னிக்கே இதை ஏன் சொல்லல?"

"ஒருத்தி மட்டும் திரும்பி வந்தான்னு நான் சொன்னா, நீங்க அவளைத்தானே சந்தேகப்படுவீங்க?"

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தார். பாதி தூரம் வந்த பிறகு, "ரொம்ப நேரம் துடிச்சானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், எடுக்கவில்லை.

நீங்கள் நிஜம் கேட்டீர்கள். இதுதான்.

எஃபி


ஹாமில்டன்
3 டிசம்பர் 1961

எஃபி,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குத் தபாலைக் குறை சொல்ல மாட்டேன். உன் கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன்.

முதலில் உன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ராத்திரி முழுக்க அவனைத் தண்ணீரில் விட்டுவிட்டு நீ சங்கீதம் பாடினாயே என்று. பாத்திரங்களைப் போட்டு உடைத்தேன், என் வீட்டுக்காரர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இதை உன்னிடம் மறைத்துவிட்டு இனிக்க இனிக்க எழுதலாம். மறைத்ததெல்லாம் போதும் நம் குடும்பத்தில்.

பிறகு அந்தத் திட்டில் நீ தண்ணீர் வற்றுவதற்காக உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பார்த்தேன். தனியாக. எத்தனை நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் அந்தக் கரையில் சிப்பி பொறுக்கினவள். அதற்குப் பிறகு கோபப்பட முடியவில்லை. உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலை சீவிவிட வேண்டும் போல இருந்தது.

அப்பா! அவர் ஒருநாளும் தூங்கவில்லையாமே. நான் இருபத்தாறு வயசு வரைக்கும் அந்த வீட்டில் இருந்தேன், அந்த மனுஷனைப் பார்த்ததே இல்லை.

விபத்து என்று ஃபிஸ்கல் முடித்துவிட்டார் என்று அப்பா ஒரு வரி எழுதினார். ஊரில் என்ன சொல்கிறார்கள்?

நீ வா, எஃபி. அந்த மாடி அறை அப்படியேதான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தோம் என்று எழுதினாய். நீ "எதற்கோ" என்று எழுதுகிறவள் இல்லை. மாட்டுக்கன்று கிடாரியா காளையா என்று எழுதுகிறவள். என்ன சொல்லிச் சிரித்தீர்கள்? என் கடிதத்தைப் பற்றியா? என்னைத் திட்டினானா? வருகிறேன் என்றானா, மாட்டேன் என்றானா? எதுவானாலும் அவன் எனக்குச் சொல்ல வைத்திருந்தது என்னுடையது. கொடுத்துவிடு.

டோலினா


நார்ஷடர்
21 ஜனவரி 1962

அன்புள்ள அண்ணிக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை. கடிதம் எழுதக் கூடாத நாளில் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாமா பார்த்தார். விளக்கை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். அவருக்கு உடம்பு பரவாயில்லை. எனக்கும் பசிக்கத் தொடங்கியிருக்கிறது. உங்கள் பிள்ளைகளின் இருமல் நின்றதா?

ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஃபிஸ்கலின் கதவு சாத்தித்தான் இருந்தது. திறந்தது மாமா. சபையின் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "என் மகன் தானா சாகல. ஓய்வுநாள்ல பெண்டாட்டியோட கடலுக்குப் போனான், வழுக்கி விழுந்து செத்தான். எனக்குத் தெரிஞ்சுதான் போனான். நான் இனி மூப்பன் இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறு போதகர் நான் பயந்ததையே செய்தார். ஓய்வுநாளை மீறினவனைத் தண்ணீர் விழுங்கினது என்று ஆரம்பித்தார். மாமா கைத்தடியை ஊன்றி எழுந்தார். நடுவழியே டக் டக் என்று நடந்து வெளியே போனார். பின்னாலேயே நானும் போனேன். எங்கள் பின்னால் பெகி. ஆறுதல் சொல்லவா வேடிக்கை பார்க்கவா என்று அவளுக்கே தெரியாது. வெளியே காற்றில் மூன்று பேரும் நின்றோம். "இன்னும் ஒரு மணி நேரம் இழுத்திருப்பாரு, எனக்குக் கால் மரத்துப்போச்சு" என்றாள் பெகி. மாமா அவளுக்குப் பையிலிருந்து ஒரு மிட்டாய் கொடுத்தார்.

இப்போது யாரும் என்னிடம் மெல்லப் பேசுவதில்லை. சிலர் பேசுவதே இல்லை. அது எனக்குப் பரவாயில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், நீங்கள் உங்களையே நொந்துகொள்வீர்களோ என்றுதான்.

உங்கள் கடிதத்துக்குப் பதில் தயார் பண்ணத்தான் அன்று போனோம். இரண்டு வாரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். "எங்க அக்காவுக்கு நீயே எழுதிடேன், எனக்குப் பயமா இருக்கு" என்று கெஞ்சினார். கடலுக்குப் பயப்படாத மனுஷன்! நான் முடியாது என்றேன். பாறை மேல் ஏறி நின்று, "அன்புள்ள அக்காவுக்கு" என்று உரக்க ஆரம்பித்தார். உடனே இந்தப் பக்கம் திரும்பி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, உங்கள் குரலில், "என்னடா அன்பு, அன்பு இருந்தா டிக்கெட் வாங்கியிருக்க மாட்டே?" என்றார். அச்சு அசல் நீங்கள்தான், அண்ணி. பத்து வருஷம் ஆகியும் உங்கள் மூச்சு வாங்குகிற இடம்கூட மறக்கவில்லை அவருக்கு. நாலைந்து தடவை அப்படி ஆரம்பித்தார், நாலைந்து தடவையும் நீங்கள் குறுக்கே வந்து திட்டினீர்கள்.

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து உங்கள் கடிதத்தை எடுத்தார். கனடாவில் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஏரிக்கரைக்குப் போய்ப் பாய் விரித்துச் சாப்பிடுவதாக நீங்கள் எழுதியிருந்த இடத்தைப் படித்தார். யாரும் ஒன்றும் சொல்வதில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதையும் படித்தார். படித்துவிட்டு அதை மடித்தார். அவர் போகலாம் என்றால் நான் போயிருப்பேன்.

"எஃபி, அங்க எல்லாருமே ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போறாங்களாம். அப்ப நாம ரெண்டு பேரும் எங்க போய் ஒளியறது?" என்றார். "அக்காவுக்கு எழுதிடு. கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி, எங்களுக்கு இங்கயே நல்லாத்தான் இருக்குன்னு."

அதற்குத்தான் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவாடை நுனியால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது படகு நகர்ந்திருந்தது.

அவர் எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன், அண்ணி.

எஃபி